மறுத்தவழியும் நிற்கும் பொருள்

ஒரு கூற்றைக் கேட்டான் ஒருவன் அதனை "இல்லை" என்று மறுப்பானாயின், அக்கூற்றின் பொருள் முழுதும் அம்மறுப்பால் ஒழிந்தது என்றே உலகத்தார் கருதுவர். உண்மை அங்ஙனமன்று. மறுப்பிற்கு உட்படும் பகுதி ஒன்று. உட்படாது அதன் அடியிலே கிடக்கும் பகுதி மற்றொன்று. "நீ பொய்க்கரி கூறுதலை விட்டொழித்தனையோ?" என்று ஒருவனை வினாவின், அவன் "விட்டேன்" எனினும் "விட்டிலேன்" எனினும், முன்னர்ப் பொய்க்கரி கூறிவந்தான் என்னும் பழி அவன்மேல் நிற்கும். வினாவினான் அப்பழியை வாய்திறந்து கூறினானல்லன். வினாவப்பட்டான் அதனை உடன்பட்டானுமல்லன். எனினும், இருவர்க்கும் ஒத்த பொருள்போல அஃது இடையே அமர்ந்துவிடுகின்றது. இங்ஙனம் கூற்றிற்கு முன்னரே கொள்ளப்பட்டதாய்க் கிடக்கும் பொருளை யாம் இக்கட்டுரையில் 'முன்கோள்' என்று வழங்குவாம்.

தனி வாக்கியத்தின் முன்கோள் இன்னதென்று காண்டல் எளிது. ஆயின் மக்கள் தனி வாக்கியங்களால் மட்டும் பேசுவாரல்லர். ஆயின், அன்றேல், என்று, போலும் என்னும் இவற்றால் வாக்கியத்தை வாக்கியத்தோடு பிணைத்தே பேசுவர். அங்ஙனம் பிணைத்தவழி, உறுப்பு வாக்கியத்தின் முன்கோள் முழு வாக்கியத்திற்கும் முன்கோளாய் நிற்குமோ, இடையில் அழியுமோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இஃது இலக்கணம் வல்லார்க்கே உரியதொரு நுணுக்கம் என்று ஒதுக்கற்க. ஒருவன் தான் கூறாத பொருட்கும் பொறுப்பாளனோ என்னும் அறவினா இதனுட் கிடக்கின்றது.

மறுப்பிற்கு உட்படாமை என்பதனை முதற்கண் விளக்கியவர் செருமானியத் தருக்கநூலறிஞராகிய பிரேகே என்பார். அவர் 1892-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், கோள்களின் நெறி நீள்வட்டம் என்று கண்ட கெப்ளர் என்னும் வானநூலாரை எடுத்துக்காட்டாகக் கொண்டனர். "கெப்ளர் துன்புற்று இறந்தார்" என்றவழிக் கெப்ளர் என ஒருவர் இருந்தார் என்பதும் அவ்வாக்கியப் பொருளின் ஒரு கூறேயாயின், அதன் மறுப்பு, "கெப்ளர் துன்புற்று இறந்திலர், அன்றேல் கெப்ளர் என ஒருவர் இருந்ததே இல்லை" என்று இருகூறு படுதல் வேண்டும். அங்ஙனம் மறுப்பார் யாருமிலர். ஆதலின் அவரது இருப்பு கூற்றினுள் அடங்கிய பொருளன்று. கூற்றிற்கும் அதன் மறுப்பிற்கும் பொதுவாகிய நிலைக்களனாம் என்பது பிரேகே கருத்து. ஆங்கில அறிஞர் ரசல் 1905-இல் இதனோடு மாறுகொண்டனர். பிரெஞ்சு நாடு குடியரசாய் இருந்த அக்காலத்தே "இன்றைப் பிரெஞ்சு மன்னன் வழுக்கைத் தலையன்" என்பான் கூற்றுப் பொய்யே என்றும், அதன் மறுப்பை மன்னனது இருப்பை உட்கொண்டும் கொள்ளாதும் இருவேறு வகையாகப் பிரித்துணரலாம் என்றும் அவர் கூறினர். ஸ்ட்ராசன் என்பார் 1950-இல் ரசலை மறுத்து, அக்கூற்றினிடத்து மெய்யோ பொய்யோ என்னும் வினாவே எழாது என்றனர்.

இவ்வழக்கு நம் நாட்டுத் தருக்க நூலார்க்குப் புதிதன்று. "முயற்கோடு இல்லை" என்புழி இல்லை எனப்படுவது யாது? ஓர் இன்மைக்கு எதிர்நிலைப் பொருள் எங்கேனும் உள்பொருளாதல் வேண்டும் என்பது நையாயிகர் துணிபு. முயற்கோடு எங்கும் இல்லாமையின், அவ்வாக்கியத்திற்கு "முயலின்கண் கோடு இல்லை" என்பதே பொருள் என்று பிரித்துரைப்பர் உதயணர். முயலும் உள்ளது, பசுவின்கண் கோடும் உள்ளது, மறுக்கப்படுவது இரண்டன் இயைபே. ரசல் செய்த பகுப்பும் ஏறத்தாழ இத்தன்மைத்தே. அதுகொண்டு மேலைநாட்டார் எல்லாவற்றையும் நம்மவரிடமே கற்றனர் என்று ஆரவாரஞ் செய்வார் சிலர் உளர், அவ்வாரவாரம் வேண்டா. ஒரே முட்டுப்பாட்டில் அகப்பட்ட இருவர் ஒரே வழியாற் புறம்போந்தனர், அவ்வளவே.

முன்கோளும் அருத்தாபத்தியும் ஒன்றே போலும் என்று ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவாம். "பருத்த தேவதத்தன் பகலில் உண்பதில்லை" என்றவழி இரவில் உண்பான் என்பது அருத்தாபத்தியாற் பெறப்படும். அளவை மூன்றெனக் கொள்ளும் சித்தாந்த நூலார் அதனைக் கருதலளவையுள் அடக்குவர். இனி அவ்வாக்கியத்தை மறுத்து, "பருத்த தேவதத்தன் பகலில் உண்பதில்லை என்பது பொய்" என்க. இரவுணவு பற்றிய துணிபு அப்பொழுதே நீங்கிவிடும். தேவதத்தன் பருத்தவன் என்பதோ நீங்காது நிற்கும். ஒரு வாக்கியத்தின் கண்ணேயே, கூற்றினின்று கிளைத்த பொருள் கூற்றோடு வீழ்தலும், கூற்றிற்கு அடியாய பொருள் வீழாமையும் காண்க. பெயரெச்சம் இத்தகைய அடிப்பொருளைத் தாங்குவதில் மிக வல்லது.

இடைச்சொல்லினும் இவ்வாற்றல் உண்டு. உம்மைக்குத் தொல்காப்பியனார் கூறிய எட்டுப் பொருளுள் எச்சம் என்பது ஒன்று. "கொற்றனும் வந்தான்" என்புழி வேறொருவன் வரவு தழுவப்படுகின்றது. இஃது உண்மையில் முன்கோள்தானோ என்று தேர்வான் ஒருவன், மேற்கூறிய முறையே மறுத்துப் பார்த்து, "கொற்றனும் வந்திலன்" என்று கூறிக்காண்பான். அப்பொழுது வேறொருவன் வந்தான் என்னும் பொருள் நிற்கவில்லை. மாறாக, வேறொருவனும் வந்திலன் என்னும் பொருளே தோன்றுகின்றது. மறுப்பில் நில்லாமையின் இது முன்கோளன்று என்று அவன் முடிபு கூறுவனாயின் அது பொருந்தாது. ஆண்டு உம்மை தழுவியது வருதலையன்று, வாராமையை. மறை உம்மைக்கு உள்ளே நின்றதன்றி உம்மை மறைக்கு உள்ளே நின்றதில்லை. "கொற்றனும் வந்தனனோ?" என்று வினாவினும், "கொற்றனும் வந்திருப்பின் விருந்து சிறந்திருக்கும்" என்றாலும், வேறு சிலர் வந்தமை அசையாது நிற்றல் காணலாம். நன்னூல் பாடங்கேட்கும் மாணாக்கர்க்கு இவ்விடத்தை ஒருமுறைக்கு இருமுறை நின்று விளக்குதல் எம் வழக்கம். உம்மையும் மறையும் ஒன்றையொன்று எங்ஙனம் சூழ்கின்றன என்பது தெளிந்தார்க்கு மேல்வருவன எல்லாம் எளியவாம்.

இனித் தொடர்வாக்கியங்களை நோக்குவாம். ஓர் ஊரிற் பொதுவிற்குரிய பொன் காணாமற் போயிற்று என்று கொள்க. ஒருவன், "சாத்தன் தான் கவர்ந்த பொன்னை மீள வைத்தான்" என்கின்றான். சாத்தன் பொன்னைக் கவர்ந்தான் என்பது இதன் முன்கோள். "தான் கவர்ந்த பொன்னைச் சாத்தன் மீள வைத்திலன்" எனினும், "மீள வைத்தனன் போலும்" எனினும், "மீள வைத்தனனோ?" எனினும், "மீள வைப்பானாயின் ஊரார் பொறுப்பர்" எனினும் அப்பழி நீங்குவதில்லை. மறுத்தல், ஐயுறல், வினாவல், நிபந்தனை என்னும் நான்கும் கடந்து அது வெளிப்போந்து நிற்கின்றது. இதுகண்டே, லாங்கெண்டோன், சாவின் என்னும் இருவர் 1971-இல் ஒரு விதி செய்தனர்: உறுப்பு வாக்கியங்களின் முன்கோள்கள் யாவும் முழு வாக்கியத்திற்கும் முன்கோளாம் என்பது அது. விதி எளிதாயினும் நிலைபெறவில்லை. பின்லாந்து நாட்டிற் பிறந்த லௌரி கார்ட்டுனென் என்பார் 1973-இல் தொடர்வாக்கியங்களின் முன்கோளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதி அவ்விதியை மறுத்தனர்.

அவர் கண்டதை எம் சாத்தன்மேல் வைத்துக் காட்டுவாம். "சாத்தன் பொன்னைக் கவர்ந்தனனாயின், கவர்ந்த பொன்னை மீள வைத்திருப்பான்" என்று ஒருவன் கூறுகின்றான். பின்னுறுப்பில் "கவர்ந்த பொன்" என்பது முன்போலவே கிடக்கின்றது. எனினும் இவ்வாக்கியம் சாத்தனைக் கள்வனென்று கூறுகின்றதோ? இல்லை. கூறுவான் சாத்தனது நேர்மையை நம்புவானாகவும் இருத்தல் கூடும். பின்னுறுப்பு வேண்டிய நிலைக்களனை முன்னுறுப்பு நிபந்தனையாகத் தந்துவிட்டமையின், அம்முன்கோள் உள்ளேயே அடங்கிப் புறத்தே வந்திலது. "தான் கவர்ந்த பொன்னை மீள வைப்பானாயின்" என்பதற்கும் "பொன்னைக் கவர்ந்தனனாயின்" என்பதற்கும் சொல்லளவில் வேற்றுமை சிறிது. முன்னது ஒருவன் பெயரைக் கெடுப்பது. பின்னது கெடாமற் காப்பது.

பிணைப்புச் சொற்களைக் கார்ட்டுனென் மூவகையாகப் பகுத்தார். உறுப்பின் முன்கோளைத் தடையின்றிப் புறத்தே விடுவன ஒருவகை. அவற்றைப் புழை என்றார். மறையும் ஐயமும் இவ்வகையின. அறவே தடுப்பன மற்றொருவகை. அவற்றை அடைப்பு என்றார். "என்று கூறினான்" என்பது போலும் கொண்டுகூற்று இவ்வகைத்து. சிலவற்றை விட்டுச் சிலவற்றைத் தடுப்பன மூன்றாம் வகை. அவற்றை வடிகட்டி என்றார். "ஆயின்", "அன்றேல்" முதலியன இவை. நிபந்தனை வாக்கியத்தில் முன்னுறுப்பின் முன்கோள் புறத்தே வரும். பின்னுறுப்பின் முன்கோளும் வரும். ஆயின் பின்னுறுப்பின் முன்கோள் முன்னுறுப்பாற் பெறப்படுவதாயின் அது வாராது. இதுவே அவர் விதியின் சாரம். புழை, அடைப்பு, வடிகட்டி என்னும் பெயர்கள் அடுக்களை வாசனை உடையனவாயினும் எமக்கு இனியனவே. நெடும் பெயரிட்டு நூலை அச்சுறுத்துவாரினும் இவர் நல்லர்.

புழைக்கும் அதுவல்லாததற்கும் உள்ள வேற்றுமையை வினைச்சொற்களிற் காண்க. "தான் செய்தது பிழை என்பதனைச் சாத்தன் உணர்ந்திலன்" என்றால் செய்தது பிழையே என்று கூறுவானும் உடன்பட்டான். "தான் செய்தது பிழை என்று சாத்தன் கருதிற்றிலன்" என்றால் கூறுவான் எப்பக்கத்தும் சார்ந்தானல்லன். உணர்தல், அறிதல், மறத்தல் என்பன உள்பொருளையே பற்றுவன. கருதல், எண்ணல், சொல்லுதல் என்பன அங்ஙனமல்ல. செய்தி எழுதுவார் இவ்விருவகை வினைகளையும் ஒன்றற்கொன்று மாற்றி வழங்குதலை நாள்தோறும் காண்கின்றோம். அறியாது செய்வாரும் உளர். அறிந்தே செய்வாரும் உளர்.

வடிகட்டி இங்ஙனம் தொழில் செய்தற்குக் காரணம் யாது? விதியைக் கூறியமையால் காரணம் கூறியதாகாது. ஸ்டால்நேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர், பேசுவானும் கேட்பானும் ஒருங்கே உடன்பட்டனவாகக் கொண்ட பொருட்டொகுதி ஒன்றன்மேலேயே உரையாடல் நடைபெறுகின்றது என்றும், ஒவ்வொரு கூற்றும் அத்தொகுதியை வளர்த்துச் செல்கின்றது என்றும் 1970-ஆம் ஆண்டுகளில் விளக்கினர். ஐரின் ஹைம் என்னும் அம்மையார் 1983-இல் அதனை வாக்கிய உறுப்புக்களினும் செலுத்தினர். பின்னுறுப்பைக் கேட்கும்பொழுது கேட்பான் நிற்பது தொடக்கத்தில் நின்ற இடத்தன்று. முன்னுறுப்பை ஏற்று ஓரடி நகர்ந்த இடத்து. ஆண்டு நின்று நோக்க, பின்னுறுப்பின் முன்கோள் முன்னரே கிடைத்துளதாயின், அதனைப் புறத்தே தேடவேண்டுவதில்லை.

இதனைக் கற்றபொழுது எமக்கு இடையியற் சூத்திரம் ஒன்று நினைவிற்கு வந்தது. எச்சவும்மையாற் தழுவப்படும் பொருளைக் கூறும் சொல் உம்மையின்றிச் செஞ்சொல்லாய் வருமாயின், அதனை உம்மைபெற்ற சொற்குப் பின் வையாது முன்னே வைத்துக் கூறுக என்று ஆண்டுத் தொல்காப்பியனார் விதிக்கின்றார். "சாத்தன் வந்தான், கொற்றனும் வந்தான்" என்க, "கொற்றனும் வந்தான், சாத்தன் வந்தான்" என்னற்க. தாங்கும் பொருள் முன்னும் தாங்கப்படும் பொருள் பின்னுமாதல் முறை என்பதே இது. ஆசிரியர் நிபந்தனை வாக்கியத்தைப் பற்றி இதனைக் கூறினாரல்லர். இல்லாததை அவர்மேல் ஏற்றுதல் எம் நோக்கமன்று. எனினும் "சாத்தன் வருவானாயின் கொற்றனும் வருவான்" என்று நாம் அதனை நீட்டிக் காண்போமாயின், கொற்றனைச் சார்ந்த உம்மை வேண்டுவதனைச் சாத்தன் வரவு நிபந்தனையாகவே தந்துவிடுகின்றது. ஒருவரும் இன்னும் வந்திலராயினும் வாக்கியம் பழுதுபடுவதில்லை.

அற்றேல், முன் பின் என்பது ஒலிக்கும் முறையோ, உணரும் முறையோ? "கொற்றனும் வருவான், சாத்தன் வருவானாயின்" என்று பேச்சிலே மாற்றிக் கூறினும் பொருள் கெடுவதில்லை. "சாத்தன் கவர்ந்த பொன்னை மீள வைத்துவிட்டான், அன்றேல் முதற்கண் கவர்ந்தே இலன்" என்றவழியும், தாங்கும் உறுப்புப் பின்னே வந்தும் பழி புறத்தே வரவில்லை. இவ்விடர்ப்பாடு மேலைநாட்டாரை இன்னும் வருத்துகின்றது. பிணைப்புச் சொல்லின் பொருளிலேயே இம்முறை எழுதப்பட்டுளது என்பார் ஒருசாரார். சொற்கள் செவிப்படும் முறையினின்று தானே பிறப்பது என்று ஷ்லென்கர் போல்வார் 2008-இல் வாதித்தனர். எம் கருத்து யாதெனின், செவிப்படும் முறை ஒன்றே போதாது என்பது. எட்டுவகைப் பொருள்கோளுள் கொண்டுகூட்டினையும் ஒன்றாக வைத்த மரபினார், சொல்நிலை வேறு பொருள்நிலை வேறு என்பதனை நன்கறிவர். கேட்பான் வாக்கியம் முடியுந்துணையும் தன் துணிபை நிறுத்திவைக்க வல்லன். அங்ஙனம் நிறுத்திவைத்தற்கு அவன் விரும்புதல் வேண்டும் என்பதே இடையூறு.

அவ்விடையூற்றைச் சிறிது விரிப்பாம். "சாத்தன் இசையை வெறுப்பானாயின் அவன் மனைவியும் வெறுப்பாள்" என்னும் வாக்கியத்தில், மேற்கூறிய விதிப்படி கேட்பான் கொள்ளற்பாலது, "இசையை வெறுப்பானாயின் சாத்தனுக்கு மனைவி உண்டு" என்னும் நிபந்தனைப் பொருளே. யாரும் அங்ஙனம் கொள்வதில்லை; சாத்தனுக்கு மனைவி உண்டு என்றே துணிந்துவிடுகின்றனர். விதி தரும் முன்கோளினும் கேட்பான் கொள்ளும் முன்கோள் பெரிதாகின்றது. இல்லாத நிலைக்களனைக் கேட்பான் தானே அமைத்துக்கொண்டு உரையாடலைத் தடையின்றி நடத்துதலை டேவிட் லூயிஸ் என்பார் 1979-இல் விளக்கியுளர். உலகியல் வழக்கிற்கு இஃது இன்றியமையாததே. "என் தமக்கை ஊரிலிருந்து வருகின்றாள்" என்பானை, "உனக்குத் தமக்கை உண்டு என்று முன்னரே நிறுவினாயோ?" என்று தடுத்து வினாவுவான் நட்பிற்கு ஆகான்.

ஆயின் இதே இணக்கம் தீங்கிற்கும் வாயிலாகின்றது. எலிசபெத் லாஃப்டஸ் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1975-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கார் ஒன்று விபத்துக்குள்ளாகும் படக்காட்சியை 150 பேர்க்குக் காட்டி, பின்னர் அவருட் பாதியினரை, ஊர்ப்புறச் சாலையிற் சென்ற அவ்வெள்ளைக் கார் கொட்டிலைக் கடந்தபொழுது எவ்வளவு விரைவிற் சென்றது என்று வினாவினர். காட்சியிற் கொட்டில் யாதும் இல்லை. மற்றைப் பாதியினர்க்குக் கொட்டில் என்னும் சொல்லின்றி அவ்வினாவே விடுக்கப்பட்டது. ஒரு கிழமை கழித்துக் கொட்டிலைக் கண்டீர்களோ என்று எல்லாரையும் கேட்டபொழுது, முன்னையோருள் நூற்றுக்கு 17.3 பேர் கண்டோம் என்றனர். பின்னையோருள் நூற்றுக்கு 2.7 பேரே அங்ஙனம் கூறினர். வினாவின் கருத்து விரைவைப் பற்றியது. கொட்டிலோ "கடந்தபொழுது" என்னும் சார்புறுப்பினுள் ஒடுங்கிக் கிடந்தது. விரைவைக் கணக்கிடுதலில் உள்ளம் முனைந்திருக்கக் கொட்டில் தானே உட்புகுந்து நினைவாகிவிட்டது. நீதிமன்றங்களில் கரியாளரைத் தம் தரப்பார் முதல் வினாவும்பொழுது, விடையைக் குறிப்பிக்கும் வினாக்களை 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் தடுத்தது. 2024 சூலையில் அதனிடத்தை வேறு சட்டம் பெற்றுவிட்டதாயினும் தடையின் நோக்கம் எத்துணை ஆழ்ந்தது என்பது இவ்வாய்வால் விளங்கும்.

இனித் தொடக்கத்தில் நின்ற அறவினாவிற்கு வருவாம். "யான் சாத்தனைக் கள்வன் என்று கூறிற்றிலேனே; மீள வைத்தனனோ என்று வினாவினேன், அவ்வளவே" என்பான் தப்ப இயலுமோ? இயலாது என்பதே எம் துணிபு. வெளிப்படக் கூறிய பழி தன்னை வழக்கிற்கு உட்படுத்திக்கொண்டு நிற்கின்றது. கேட்டார் சான்று கேட்பர், மறுப்பர், அன்றி ஏற்பர். முன்கோளாய் வந்த பழியோ வழக்கிற்கு உட்படாமலே உடன்பாட்டின் இடத்தைக் கவர்கின்றது. நன்னூலார் கூறிய எண்வகை விடையுள் நேர்தலும் மறுத்தலும் ஆண்டுப் பயன்படா. இரண்டும் பழியை உட்கொண்டே நிற்கும். "யான் எப்பொழுது கவர்ந்தேன்?" என்று வினாவெதிர் வினாதலே சாத்தனுக்கு எஞ்சிய வழி. அங்ஙனம் எதிர்வினாவின், கேட்டதற்கு விடை கூறாது சினக்கின்றான் என்று அவையோர் அவனையே குறைகூறுவர். வெளிப்படக் கூறுவான் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் சுமையை, இவன் பழிக்கப்பட்டவன் தலைமேல் ஏற்றிவிட்டு அகல்கின்றான். ஆதலின் இவன் பொறுப்புக் குறைந்ததன்று, மிக்கதாம்.

அடைப்பைக் கொண்டு ஒளிவாரும் உளர். "சாத்தன் தான் கவர்ந்த பொன்னை மீள வைத்தான் என்கின்றனர்" என்பான், கொண்டுகூற்றாகலின் பழி தன்னதன்று என்பான். இலக்கணப்படி அது மெய்யே. ஆனால் கூறியவர் இன்னார் என்று கூறாமலும், தான் அதனை ஏற்கின்றனனோ மறுக்கின்றனனோ என்று காட்டாமலும் விட்டால், கேட்பார் உள்ளத்தில் அவ்வடைப்பு நெடும்பொழுது நில்லாது கழன்றுவிடும். பழி நிற்கும், "என்கின்றனர்" என்பது மறக்கப்படும். அடைப்பை நேர்மையாக ஆளுமாற்றை அறியக் கருதுவார் சிவஞான சித்தியார் பரபக்கத்தை நோக்குக. பதினான்கு வேற்று மதத்தாரின் கொள்கைகளை ஆண்டு அருணந்தி சிவாசாரியர் எடுத்துரைக்கின்றார். ஒவ்வொன்றும் இன்ன வாதியின் கூற்று என்று பெயர்சுட்டித் தொடங்குவது. அவன் கொள்கையை அவன் கூறுமாறே முற்றக் கூறுவது. அதன்பின் தம் மறுப்பைத் தம் கூற்றாகத் தனியே நிறுத்துவது. உலகாயதன் முற்கொண்டன எவை, ஆசிரியர் முற்கொண்டன எவை என்பது படிப்பார்க்கு ஓரிடத்தும் மயங்குவதில்லை.